கல் சிறுமிக்கு முளைத்த பல்

“தாமசீனுக்கு யாரோ பல்லு கட்டிவிட்டிருக்காங்க,” என்றார் ஹெஸ்டர் குவாரிங்டன்.

முதியோர் இல்லத்தில் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்த கோலின் டிப்பெட்டுக்குப் புரையேறியது. தாமசீன் என்கிற அந்தப் பெண் செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று இப்போதுதான் இந்த அம்மாள் சொல்லி வாயை மூடியிருந்தார்.

“வெளியே போய் இருமிட்டு வா,” என்றாள் பெரில் ஹாக்ஸ்வொர்த், அவன் பக்கம் திரும்பாமலே. கெட்டரிங் ஊரில் மீன் வறுவல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள் அவள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கன்னத்தில் எந்நேரமும் ஒரு புதினா மிட்டாய் ஒதுங்கியிருக்கும். கோலின் அவளுடைய ஒரே உதவியாளன். அதற்கு முன்னால் பிண வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். துக்க வீட்டுக்காரர்களைச் சிரிக்க வைத்ததற்காக வேலை போனது.

“இல்ல மேடம், அடங்கிருச்சு. அம்மா சொல்லட்டும். செட்டுப் பல்லா, தங்கப் பல்லா?”

ஹெஸ்டருக்குக் கோபம் வரவில்லை. அந்த முதியோர் இல்லத்தில் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மறுகேள்வி கேட்ட முதல் ஆள் கோலின்தான் போலிருக்கிறது. அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

“ஆயுசு பூரா சர்ச் சர்ச்சா சுத்திச் சமாதிச் சிலைங்களைப் பத்தி எழுதினவ நான். தோர்ப் மாரல் சர்ச்சுல ஒரு சுவர் மாடம் இருக்கு. அதுல ஒரு பொண்ணு, மார்பளவுச் சிலை, வெள்ளைக் கல்லு. ஏழு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. வாய் லேசாத் திறந்திருக்கும். உள்ளே நட்ட நடுவுல ஒத்தைப் பல்லு. எந்தக் குழந்தைக்காவது மூக்குக்கு நேரா ஒத்தைப் பல்லு முளைக்குமா? சிற்பி கோட்டை விட்டுட்டான். அதனாலதான் அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். உதட்டு நிழல்ல அது கண்ணுக்குத் தெரியாது. விரலை விட்டுத் தடவினாத்தான் தெரியும்.”

“தடவியிருக்கீங்க,” என்றாள் பெரில்.

“முப்பது வருஷமா. போன வருஷம் பனி உருகினப்பப் போய்த் தடவறேன், அழகா ரெண்டு பல்லு இருக்கு. இது அவ இல்லன்னு அங்கேயே கத்தினேன். பாதிரியார் தண்ணி கொடுத்தார். என் வீட்டுக்காரர் லெனர்ட் டாக்டரைக் கூட்டிட்டு வந்தார். டாக்டர் பிரதமர் பேரைக் கேட்டார். பிரதமர் அம்மாவை எனக்குப் பிடிக்காது, பேரைச் சொல்லமாட்டேன்னேன். மறதின்னு எழுதிட்டார்.”

கோலின் சிரித்தான். ஹெஸ்டர் சிரிக்கவில்லை.

“மறதி இல்லாமலும் இல்ல தம்பி. மூக்குக் கண்ணாடியைப் பிரெட் டப்பாவுல வச்சுட்டுத் தேடியிருக்கேன். அதான் பயமா இருக்கு. ஒண்ணு அந்தக் கல்லு மாறியிருக்கணும், இல்ல என் மூளை கலங்கியிருக்கணும். எதுன்னு பாத்துச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை இல்லத்துப் பத்திரத்துல லெனர்ட் கையெழுத்துப் போடறார். அப்புறம் சாகற வரைக்கும் இதுதான் எனக்கு வீடு. என் ஆராய்ச்சிப் பேப்பரெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போகுது. கடைசியா எழுதினதையெல்லாம் குப்பையில போட்டுட்டு மிச்சத்தைத்தான் எடுத்துப்பாங்களாம், பைத்தியம் எழுதினதாச்சே. மூளைதான் போச்சுன்னா ஒளிக்காம சொல்லிடுங்க. சத்தம் போடாம இருந்துக்கறேன்.”

கோலினிடம் ஒரு ஜோக் தயாராக இருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டான். அன்றைக்குப் புதன்கிழமை.

தோர்ப் மாரலுக்குப் போகும் வழியெல்லாம் பனி கரைந்து ஓடையில் சேறாகப் போய்க்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் இறுகிக் கிடந்த குளிர் அன்று காலையில்தான் விட்டிருந்தது. தெற்கிலிருந்து ஈரக்காற்று. சர்ச் சாவி மிஸஸ் டொரீன் பக்கிளிடம் இருந்தது. கோயிலுக்குப் பூ வைப்பது, மெழுகு துடைப்பது, வருகிறவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது எல்லாம் அந்த அம்மாள்தான்.

“தாமசீனையா பாக்க வந்தீங்க? நல்ல நாள் பாத்தீங்க,” என்று சொல்லிக்கொண்டே பெரிய கதவைத் தள்ளினாள்.

உள்ளே யாரோ மெதுவாக நடக்கிற மாதிரி சத்தம் கேட்டது. கோலின் வாசலிலேயே நின்றுவிட்டான். பெரில் அவனை முதுகில் குத்தி உள்ளே தள்ளினாள். நடப்பவர் யாரும் இல்லை. சுவரோரம் சமாதிகளின் மேல் படுத்திருந்த கல் பிரபுக்கள், பிரபுக்களின் மனைவிகள், அவர்கள் காலடியில் படுத்திருந்த கல் நாய்கள் எல்லாருடைய உடம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“மேடம், நான் வண்டியில இருக்கேன். செத்தவங்களைப் பெட்டிக்குள்ள வச்சுத்தான் எனக்குப் பழக்கம். இப்படி வேர்க்கிறவங்க கூட எல்லாம் பழக்கமில்ல.”

“கண்ணாடி போட்டவன் குளிர்லருந்து டீக்கடைக்குள்ள நுழைஞ்சா கண்ணாடி மங்குதில்ல? அதே கதைதான். கல்லு ஜில்லுன்னு கிடக்கு, ஈரக்காத்து உள்ளே வருது. வா.”

“கண்ணாடிக்கு மூஞ்சி இல்ல மேடம்,” என்றான் கோலின். ஆனாலும் போனான். போகிற வழியில் மூக்கு நுனியில் சொட்டு நின்ற ஒரு பிரபுவுக்குக் கைக்குட்டையைக் காட்டி, “சளி பிடிச்சிருச்சா ஐயா?” என்று கேட்டு வைத்தான். அவனுக்குப் பயம் வந்தால் வாய் நீளும்.

மிஸஸ் பக்கிளுக்கு அது ரசிக்கவில்லை. “விளையாடாதீங்க தம்பி. பனி உருகற அன்னிக்குத் தாமசீன் அழுவா. ஊர்ப் பொம்பளைங்க வந்து கைக்குட்டையால கண்ணைத் துடைச்சு விடுவோம். அந்தக் கைக்குட்டையைத் தொட்டில்ல வச்சாக் குழந்தைக்கு ஒண்ணும் வராது. என் அம்மா எனக்கு வச்சா, நான் என் பொண்ணுக்கு வச்சேன். என் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம்.” குரல் இறங்கிவிட்டது. “தாமசீன்தான் இப்ப அழறதை நிறுத்திட்டாளே.”

மாடத்துக்கு முன்னால் புத்தம் புது இரும்புக் கம்பி போட்டிருந்தது. உள்ளே தாமசீன். உப்பிய கன்னம், கழுத்தைச் சுற்றிப் பூவேலை செய்த காலர், லேசாகத் திறந்த வாய். அவளுக்கு மேலே இருந்த கல் வளைவு நனைந்திருந்தது. கீழே அவள் பெயர் வெட்டிய பலகை நனைந்திருந்தது. அவள் முகம் மட்டும் காய்ந்து கிடந்தது. சுற்றிலும் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, இந்தப் பெண் மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் கோலின் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“எப்பலருந்து அழறதில்ல?” என்றாள் பெரில்.

“ஹெஸ்டர் அம்மாவைக் கொண்டுபோய் அந்த இல்லத்துல விட்டதுலருந்துன்னு ஊர்ல பேசிக்கறாங்க. மகளாட்டம் பாத்துக்கிட்டாங்களே, அந்த ஏக்கம்.”

“ஊர்ல பேசிக்கறது இருக்கட்டும். உங்க கைக்குட்டை என்ன சொல்லுது?”

மிஸஸ் பக்கிள் யோசித்தாள். நேர்மையான பொம்பளை. “போன வருஷம் பனி உருகினப்பவே காஞ்சுதான் இருந்துச்சு. அன்னிக்குத்தான் ஹெஸ்டர் அம்மா இங்க நின்னு கத்தினாங்க. அப்ப இல்லத்துக்குப் போகல. வீட்டுலதான் இருந்தாங்க.”

“ஆக, ஏக்கம் வர்றதுக்கு முன்னாடியே ஏங்க ஆரம்பிச்சுட்டா. இந்தக் கம்பி?”

“அது அவங்க போட்ட சத்தத்துல வந்ததுதான். திருட்டு போயிருச்சுன்னு அவ்வளவு தூரம் சொன்னாங்களா, யாரும் நம்பல. ஆனா எதுக்கும் இருக்கட்டும்னு கம்பி போட்டுட்டாங்க.”

பெரில் பக்கத்தில் படுத்திருந்த கல் பிரபுவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். கோலினின் கையையும் பிடித்து இழுத்து வைத்தாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது. பிறகு அதே கையைக் கம்பிக்குள்ளே விட்டுச் சிறுமியின் கன்னத்தில் வைத்தாள். கோலின் கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

“குளிரே இல்ல மேடம். ஆள் கன்னம் மாதிரி இருக்கு.”

“பிசின் கன்னம் மாதிரி இருக்கு. கல்பொடியைக் கலந்து வார்த்த, பிளாஸ்டிக் மாதிரி இறுகற பிசின், உள்ளே வெறும் கூடு. கல்லு மாதிரி இதுக்குள்ள குளிர் தங்காது. குளிர் தங்கலைன்னா ஈரம் பிடிக்காது. இவ பேயும் இல்ல, ஏக்கமும் இல்ல. பொம்மை.”

மிஸஸ் பக்கிள் பக்கத்து இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தாள். பையிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

“அப்ப ஹெஸ்டர் அம்மா சொன்னது நிஜமா? நாங்க சிரிச்சோமே.”

பெரில் டார்ச்சை அடித்துச் சிலையின் வாய்க்குள் பார்த்தாள். கேமராவை எடுத்து வாயை மட்டும் நெருக்கத்தில் படம் பிடித்தாள். உடனே படம் துப்புகிற கேமரா அது. படம் தெளிவதற்காகக் கையிடுக்கில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது கோலின் எட்டிப் பார்த்தான்.

“ரெண்டு பல்லு. அம்மா சொன்ன மாதிரியே. ஆனா ஓரம் ஏன் இப்படி ரம்பம் மாதிரி இருக்கு? என் அக்கா பொண்ணுக்கு இப்பத்தான் பால் பல்லு விழுந்து முளைச்சிருக்கு, அவளுக்கும் இதே மாதிரிதான்.”

பெரில் மிட்டாய் சப்புவதை நிறுத்தினாள். “டிப்பெட், உன் அக்கா பொண்ணு வாய்க்குள்ள நீ ஏன் பாத்தே?”

“கடிச்சா மேடம். எதால கடிச்சான்னு பாத்தேன்.”

“ஆக, புதுப் பல்லு ரம்பமா இருக்கும்னு கடிபட்டவனுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?”

அந்தக் கேள்வியோடு அவர்கள் ஹெஸ்டரின் வீட்டுக்குப் போனார்கள். லெனர்ட் குவாரிங்டன் கதவைத் திறந்தார். வெள்ளை முடியை வழித்துச் சீவியிருந்தார், நகமெல்லாம் அவ்வளவு சுத்தம். வீட்டுக்குள் லேசாகக் கிராம்பு எண்ணெய் வாசம். அவர் பல் டாக்டர் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் வீட்டை விட்டு அந்த வாசம் போகவில்லை. கோலினின் கடைவாய்ப் பல் ஒன்று தானாகவே வலிக்க ஆரம்பித்தது.

“ஹெஸ்டர் போன் பண்ணினாளா? பாவம்,” என்றார் லெனர்ட். “தாராளமா பாருங்க. ஏதோ நீங்க பாத்துச் சொன்னா அவ மனசு ஆறும்னா சரி.”

மாடியில் ஓர் அறை முழுக்க அவருடைய மனைவியின் வாழ்க்கை பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. ஊர் ஊராகப் பெட்டி. ஒவ்வொன்றிலும் படங்கள், அளவுகள், பென்சில் கோட்டோவியங்கள். ஒரு பெட்டி நிறைய உடைந்த கல் மூக்குகளின் படம் மட்டுமே இருந்தது.

“நாட்டுல ஒரு பிரபுவுக்காவது முழு மூக்கு இருக்கா?” என்றான் கோலின்.

லெனர்ட் சிரித்தார். “நாப்பது வருஷம் சாப்பாட்டு மேசையில இதேதான் பேச்சு. யார் மூக்கு எந்தக் காலத்து மூக்குன்னு. சர்ச்சுன்னாலே எனக்கு ஆகாது. இவ உள்ளே போவா, நான் கார்ல உக்காந்து குறுக்கெழுத்துப் போடுவேன். அந்தத் தாமசீன் மூஞ்சியை நான் நேர்ல பாத்ததே கிடையாது.”

தோர்ப் மாரல் பெட்டியில் படங்கள் இருக்க வேண்டிய உறை காலியாக இருந்தது. “அவளே கிழிச்சிருப்பா,” என்றார் லெனர்ட், உறையைப் பார்க்காமலே.

பெட்டிகளுக்குப் பின்னால் மூடியில்லாத ஒரு மரப்பெட்டி. அதற்குள் சுண்ணாம்பு மாதிரி இறுகிய, கனமான இரண்டு பிளாஸ்டர் துண்டுகள் இருந்தன. சேர்த்து வைத்தால் நடுவே குழியாக ஒரு முகம், கழுத்தில் அதே பூவேலைக் காலர். ஹெஸ்டர் இளவயதில் படிப்புக்காக எடுத்த அச்சு என்றார் லெனர்ட். அறையில் எல்லாவற்றின் மேலும் தூசி. அச்சின் மேல் மட்டும் இல்லை. குழிக்குள்ளே விரலை வைத்த கோலினுக்கு வழுக்கியது.

“எண்ணெய்ப் பசை. இதுல யாரோ வார்த்திருக்காங்க,” என்று முணுமுணுத்தான். “மேடம், இங்க பாருங்க. வாய் இருக்க வேண்டிய இடம் மழுமழுன்னு இருக்கு. பல்லே இல்ல.”

“இருக்காது. வாய்ப் பொந்துக்குள்ள பிளாஸ்டர் போச்சுன்னா இறுகிக்கும், எடுக்கறப்ப உதட்டைப் பேத்துட்டு வரும். அதனால களிமண்ணை வச்சு வாயை அடைச்சுட்டுத்தான் அச்சு எடுப்பாங்க.” பெரில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு லெனர்டிடம் திரும்பினாள். “டாக்டர், ஒரு கப் டீ கிடைக்குமா? கீழே உக்காந்து பேசலாம். டிப்பெட்டுக்குப் பல் வலி வேற.”

“எனக்கா?” என்றான் கோலின். அவள் பார்வையைப் பார்த்ததும், “ஆமா, உயிர் போகுது,” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

சமையலறையில் டீயும் பிஸ்கட்டும் வந்தன. பெரில் ஒரு பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்று முடித்துவிட்டு, சொக்காய்ப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். வெறும் வாய். யாருடைய வாய் என்று சொல்லவில்லை.

“இந்த வேலையைப் பாருங்க டாக்டர். எவ்வளவு மட்டமா இருக்கு. ஓரமெல்லாம் பிசிறு. கை நடுங்கற ஆள் எவனோ செஞ்சிருக்கான்னு டிப்பெட் சொல்றான்.”

“படு மட்டம்,” என்றான் கோலின் கன்னத்தைப் பிடித்தபடி. “என் அக்கா பொண்ணு களிமண்ணுல இதைவிட நல்லாச் செய்வா.”

லெனர்ட் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். காது சிவந்துவிட்டது.

“பல்லைப் பத்தித் தெரியாதவங்க பேசக் கூடாது. இதுக்குப் பேர் பிசிறு இல்ல. புதுசா முளைச்ச முன்பல் ஓரத்துல மூணு சின்ன மேடு இருக்கும். கடிச்சுக் கடிச்சுக் கொஞ்ச நாள்ல தேஞ்சு போயிடும். ஏழு வயசுல அது இருந்தே ஆகணும். எந்தச் சிற்பி கவனிச்சான் இதை? ஒருத்தனும் கவனிச்சதில்ல. பிசின் இறுகறதுக்குள்ள ஊசி முனையால இழுக்கணும். கொஞ்சம் தாமதிச்சா உடைஞ்சுடும். கை நடுங்கினா இது வருமா?”

பெரில் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தாள்.

“பிசினா டாக்டர்? நான் வாயைத்தானே காட்டினேன். யார் வாய்னு சொல்லவே இல்லையே.”

லெனர்ட் கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் வைத்தார். மறுபடியும் எடுத்து மாட்டினார். கோலின் எழுந்து சமையலறைக்குப் பின்னால் இருந்த பச்சைக் கதவைப் பார்த்து நடந்தான். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கிராம்பு வாசம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

“அங்க போகாதீங்க,” என்றார் லெனர்ட். “பழைய ஆஸ்பத்திரி அறை. சூடு கிடையாது. தரையெல்லாம் ஈரம்.”

கோலின் கதவைத் திறந்தான். சூடு இல்லாத அறைதான், காலையிலிருந்து வீசிய ஈரக்காற்று ஜன்னல் சந்து வழியாக உள்ளே வந்து சுவரெல்லாம் முத்து முத்தாக நின்றது. நடுவே பல் பிடுங்குகிற பழைய நாற்காலி, பின்னால் சாய்த்து வைத்திருந்தது. அதில் யாரோ படுத்திருந்தார்கள். சின்ன உருவம். கழுத்து வரைக்கும் போர்வை, முகத்தின் மேலே வெள்ளைத் துணி. துணியில் கண் இருக்க வேண்டிய இரண்டு இடமும் நனைந்து, ஈரம் கன்னத்து வழியாக இறங்கி நாற்காலித் தோலில் தேங்கியிருந்தது.

பிண வண்டி ஓட்டிய காலத்தில் எத்தனையோ முகங்களின் மேல் துணியைப் போட்டு மூடியவன் அவன். ஒரு முகத்திலிருந்து துணியை எடுக்க அவனுக்கு இவ்வளவு நேரம் ஆனதே இல்லை. எடுத்தான். வெள்ளைக் கல். விரலை வைத்தால் எலும்பு வரைக்கும் குளிர் ஏறியது. திறந்த வாய்க்குள் சுண்டுவிரலை விட்டான். நட்ட நடுவில் ஒற்றைப் பல்.

“மேடம்,” என்று கூப்பிட்டான். ஜோக் எதுவும் வாயில் வரவில்லை. “பொண்ணு இங்க இருக்கா. அழுதுக்கிட்டிருக்கா.”

லெனர்ட் சமையலறை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தபடியே பேசினார்.

“விக்கறதுக்கு எடுக்கல. என்னைத் திருடன்னு நினைக்காதீங்க. விருந்துக்கு ஆள் வந்தா அவ சொல்லுவா, லெனர்ட் பல்லு ஓட்டை அடைக்கிறவர், கலை பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். ஒரே ஒரு தடவை அவளை ஏமாத்திப் பாக்கணும்னு ஆசை வந்துச்சு. அவ அச்சை எடுத்து, செட்டுப் பல்லு செய்யற பிசின்ல வார்த்தேன். பல்லை நானா செஞ்சேன். நல்லா வந்துச்சு. ரெண்டு கொக்கிதான், கழட்டி மாத்தி வச்சுட்டு வந்தேன். ஒரு வாரம் கழிச்சு விருந்துல சொல்லணும். நீ பாத்துப் பாத்து உருகினது என் கை வேலைன்னு.”

“அவங்க உடனே கண்டுபிடிச்சுட்டாங்க,” என்றாள் பெரில்.

“ஒரு வாரம் கூடத் தாங்கல. அசல் சிலையை வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கு போட்டுப் பாத்தப்பதான் அந்த ஒத்தைப் பல்லே எனக்குத் தெரிஞ்சுது. திருப்பி வச்சுடலாம்னு போறேன், கம்பி போட்டுட்டாங்க. அவ சத்தம் போட்டதாலதான் போட்டாங்க. சொல்லிடலாம்னு வாயைத் திறப்பேன். சொன்னா போலீஸ், ஊரெல்லாம் பேச்சு. நாளைக்குச் சொல்லலாம்னு விடுவேன். அதுக்குள்ள டாக்டர் வந்தார், எல்லாரும் மறதின்னு சொன்னாங்க. மறதியாவே இருந்துட்டா நல்லாயிருக்குமேன்னு நினைச்சேன். கடவுளே, அப்படித்தான் நினைச்சேன்.”

கோலினுக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போல இருந்தது. அறையவும் முடியவில்லை. அவ்வளவு சுத்தமான, அவ்வளவு கெட்டிக்காரத்தனமான கை இரண்டும் மேசை மேல் சிந்திய பிஸ்கட் துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தன.

“போலீசுக்கு நான் போன் பண்ணுவேன்,” என்றாள் பெரில். “அதுக்கு முன்னாடி நீங்க கோட்டை மாட்டுங்க. நான் போய்ச் சொன்னா அவங்க நம்புவாங்களான்னு தெரியாது. துப்பறியறவ காசுக்காகச் சொல்றாள்னு கூட நினைக்கலாம். நீங்கதான் சொல்லணும். உங்க வாயால.”

“அவ முகத்தை என்னால பாக்க முடியாது.”

“அவங்க பாப்பாங்க. நீங்க சொன்னாப் போதும்.”

இல்லத்தின் வரவேற்பறையில் மூன்று கிழவிகள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஹெஸ்டருக்கு எதிரே லெனர்ட் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பெரிலும் கோலினும் கதவருகே நின்றார்கள். அவர் சொல்லி முடித்ததும் ஹெஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கோலின் ஓர் அடி எடுத்து வைத்தான். அழவில்லை. பிடித்து வைத்திருந்த மூச்சு இத்தனை மாசம் கழித்து இப்போதுதான் வெளியே வந்தது.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றார்.

“ஒண்ணும் இல்ல ஹெஸ்டர்.”

“ராத்திரியில இங்க படுத்துக்கிட்டு என் விரலை நானே கடிச்சுப் பாப்பேன் லெனர்ட். எந்தப் பல்லு எங்க இருந்துச்சுன்னு மனசுக்குள்ள திரும்பத் திரும்பத் தடவிப் பாப்பேன். நான் தடவினது பொய்யான்னு. நீங்க அங்க தூங்கினீங்களா?”

லெனர்ட் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

“தூங்கினேன்,” என்றார்.

ஹெஸ்டர் தலையாட்டினார். எழுந்து மேல்கோட்டை எடுத்துப் பொத்தானைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டார். பேப்பர் பெட்டிகளில் ஒரு தாளைக் கூட யாரும் தொடக் கூடாது என்று பெரிலிடம் சொன்னார். கல்லைத் திருப்பி வைக்கும்போது தானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாள் விவரம் புரியாமல் ஓடி வந்தாள். டாக்டரைக் கேட்காமல் அனுப்ப முடியாது, ஒரு சின்னச் சோதனையாவது செய்யணும் என்றாள். ஹெஸ்டரின் தோளைப் பிடித்து லெனர்ட் பக்கம் திருப்பி, குழந்தையிடம் கேட்பது போல் மெதுவாகக் கேட்டாள்.

“இவர் யாருன்னு தெரியுதா கண்ணு?”

ஹெஸ்டர் அவரைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரைக்கும், ஒரு சர்ச்சுக்குள் புதிதாக நுழைந்து ஒரு சிலையைப் பார்ப்பது போல் நிதானமாகப் பார்த்தார்.

“தெரியுது,” என்றார். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் தெரியுது.”

பிறகு தன் துணிப் பெட்டியைக் கோலின் கையில் கொடுத்துவிட்டு, லெனர்டின் கார் நின்ற பக்கம் திரும்பாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே ஈரத்தில் இறங்கி நடந்தார்.